பூரண சுகத்துக்கு ஒரு காணிக்கை

அத்தியாயம் 11

ஐம்பத்தாறு நாளாக ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையை எலியேசர் அந்தத் திங்கட்கிழமை காலையில் எடுத்து உதறினார். உள்ளேயிருந்து ஒரு பாச்சை விழுந்து ஓடியது. போட்டுக்கொண்டு பார்த்தால் சட்டை பெரிதாகிவிட்டது போல் இருந்தது. பித்தானுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு கை நுழையும்.

ரத்தினபாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னிக்கு அந்தச் சக்கரத்துக்கிட்ட நிக்க முடியுமா உங்களால?"

"நிக்காம? சாய்ஞ்சுக்க அங்கே செவரு இருக்கு" என்றார்.

சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. ரத்தினபாய் இட்லிச் சட்டியைத் திறந்தாள்.

ஜி.எஸ்.டி. ரோட்டுப் பம்பு கம்பெனியில் கிரைண்டிங் சக்கரத்தின் முன்னால் பதினான்கு வருஷம் நின்றவர் எலியேசர். வைகாசியில் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு படுத்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. சட்டப்படி வருஷத்துக்கு ஐம்பத்தாறு நாள் வரைக்கும் பாதிச் சம்பளம் வரும். அதில்தான் இரும்புலியூரில் அந்த வீடு ஓடியது.

ஓடியது என்று சொன்னாலும் பாதி வீடுதான். மூங்கில் தட்டி வைத்து மறைத்த மறுபாதியில் தம்பி ஜெபசீலனும் அவன் மனைவி ஞானசௌந்தரியும் இருந்தார்கள். அண்ணன் படுத்ததில் தம்பிக்குத் தினமும் வேலை கிடைத்தது. அவன் அதே கம்பெனியில் பதிலி ஆள். நிரந்தர ஆள் யாராவது வராத நாளில்தான் பதிலிக்கு வேலை. எல்லோரும் வந்துவிட்டால் கேட்டோடு திரும்ப வேண்டியதுதான்.

பன்னிரண்டு மாதத்துக்குள் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்த பதிலியை நிரந்தரமாக்க வேண்டும் என்று சங்கம் ஒப்பந்தம் போட்டிருந்தது. எலியேசர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி வேண்டாம், சோறு போடு என்று கேட்ட அந்த வாரம், தம்பியின் கணக்கு இருநூற்று இருபத்தெட்டில் நின்றது. பன்னிரண்டு நாள் பாக்கி. அவனுடைய பன்னிரண்டு மாதமோ ஆடி பிறந்த கையோடு முடிகிறது. தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

கேட்டது ஜெபசீலன் அல்ல. அவன் தட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். ஆறு மாசக் கர்ப்பத்தோடு வந்து கேட்டவள் சௌந்தரிதான். மாமா இன்னும் ரெண்டு வாரம் படுத்திருந்தா எங்க பிள்ளை நிரந்தரத்துல பொறக்கும் என்றாள். எலியேசர் ஒப்புக்கொண்டார்.

டாக்டரிடம் என்ன சொல்வது என்று ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்துவிட்டு டிஸ்பென்சரிக்குப் போனார். டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, மூச்சு இன்னும் சரியில்லை, ரெண்டு வாரம் போகட்டும் என்று தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டார். பொய் சொல்லப் போனவருக்குப் பொய் சொல்ல வேண்டிய வேலையே வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து தான் நோயாளியா, நடிக்கிறவனா என்று அவருக்கே விளங்கவில்லை.

சனிக்கிழமையோடு தம்பிக்கு இருநூற்று நாற்பது. ஞாயிற்றுக்கிழமையோடு அண்ணனுக்கு ஐம்பத்தாறு. இன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து புறப்படுகிறார்கள். ஒருவர் பையில் வேலைக்குத் திரும்பலாம் என்ற டாக்டர் சீட்டு. இன்னொருவன் பையில் நிரந்தரம் கேட்டு எழுதிய மனு.

ஜெபசீலன் சைக்கிளில் காற்றடித்துக்கொண்டிருந்தான். சட்டைப் பையில் தகர டோக்கன் துருத்திக்கொண்டு நின்றது. நிரந்தர ஆட்களுக்குப் பித்தளை டோக்கன். அது கம்பெனி வாசலில், பலகையில், அவரவர் ஆணியில் தொங்கும். பதிலிக்குப் பலகையில் ஆணி கிடையாது. தகரத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் எழுதிய அந்த 37 அவனோடு வீட்டுக்கு வரும், போகும். இரண்டு ஆம்பிளைகளின் சட்டையையும் துவைக்கிறவள் ரத்தினபாய். வாரத்தில் இரண்டு தடவையாவது அது பையிலிருந்து நழுவித் துவைகல்லில் விழும். தம்பி, உங்க சொத்து விழுந்து கிடக்கு என்று கூப்பிட்டுக் கொடுப்பாள்.

"மெல்ல மிதிங்க. எதிர்க்காத்து. ரயில்வே கேட் மேட்டுல இறங்கித் தள்ளிக்கிட்டே போங்க. முதல்ல போறவருக்கு அங்கே யாரும் மெடல் குத்திவிடப் போறதில்லை" என்றாள் ரத்தினபாய்.

"நான் பாத்துக்கறேன் அண்ணி" என்றான் ஜெபசீலன். அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அவர்கள் போன பிறகு சௌந்தரி தட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து காப்பி கேட்டாள். கையில் ஒரு கவர் இருந்தது. ஜெபசீலனின் நிரந்தரத்துக்கு நன்றியாக, வருகிற ஞாயிற்றுக்கிழமை போட ஸ்தோத்திரக் காணிக்கை இப்போதே எடுத்து வைத்துவிட்டாளாம்.

"நீங்க மாமாவுக்குப் போட்டீங்களே, அன்னிக்குக் கோயில்ல அந்தச் சீட்டை எவ்வளவு அழகா படிச்சாங்க. அதே மாதிரி எங்களுக்கும் படிக்கணும் அக்கா."

"முதல்ல கிடைக்கட்டும் சௌந்தரி" என்றாள் ரத்தினபாய். "ஆண்டவருக்கு அட்வான்ஸ் குடுக்கற வழக்கம் நம்ம கோயில்ல இல்லை."

*

மேட்டில் எலியேசர் இறங்கவில்லை. தம்பி பார்க்கிறானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். பாதி ஏற்றத்தில் ஆடிக் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. இறங்கி, ஹாண்டில்பாரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்குவது ரோட்டில் போகிறவர்களுக்குக் கேட்டது. ஜெபசீலன் இரண்டு சைக்கிளையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு மேட்டைத் தாண்டும்வரை தள்ளினான். இன்னும் ஒரு வாரம் இருந்திருக்கலாமே அண்ணா என்றான். எதை வைத்துச் சாப்பிடுவது என்று எலியேசர் கேட்கவில்லை. கேட்க மூச்சு இல்லை.

கம்பெனி வாசலில் பலகையில் 114ஆம் ஆணி வெறுமையாக இருந்தது.

டைம் கீப்பர் துரைராஜ் ஜன்னலுக்குள்ளே உட்கார்ந்திருந்தான். எலியேசருக்குச் சபையில் மூன்று பெஞ்சு முன்னால் உட்காருகிறவன். பாடகர் குழுவில் தடித்த குரலில் பாடுகிறவன். டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அதைத் தன் பக்கமே வைத்துக்கொண்டான்.

"லேபர் ஆபீசர் வரட்டும் அண்ணே. உங்க டோக்கன் அவர்கிட்ட இருக்கு."

"எதுக்கு?"

"வரட்டும். பெஞ்சுல உட்காருங்க."

ஜெபசீலனை மட்டும் உள்ளே போகச் சொன்னான். கிரைண்டிங்கில் ஆள் குறைவாம். யார் குறைவு என்று எலியேசருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. குறைவது அவர்தான். அவர் இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அவர் வராத நாளுக்கான பதிலியாகத் தம்பி உள்ளே போகிறான். போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு வேகமாக நடந்தான்.

பத்து மணிக்கு லேபர் ஆபீசர் ஸ்ரீநிவாசராகவன் கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனுஷன் இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"உடம்பு எப்படி இருக்குப்பா எலியேசர்?"

"நல்லா இருக்கு சார்."

"எத்தனை நாளா நல்லா இருக்கு?"

எலியேசர் விழித்தார். கேள்வி சாதாரணமாகத்தான் இருந்தது.

ஆபீசர் டைப் அடித்த ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னார். ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில், டோக்கன் நம்பர் 114 எலியேசரின் மனைவி, கணவர் பூரண சுகம் பெற்றதற்காகக் காணிக்கை செலுத்தியிருக்கிறார். அது சபையில் எல்லோர் முன்பும் வாசிக்கப்பட்டிருக்கிறது. பூரண சுகம் பெற்ற அந்த ஆள் அதன் பிறகும் பதினான்கு நாள் நோயாளி என்று சீட்டு வாங்கிக்கொண்டு வேலைக்கு வரவில்லை. இது ஏமாற்று. ஏன் வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்பதற்கு விளக்கம் தர வேண்டும்.



"டாக்டர்தான் சார் எழுதிக் குடுத்தார். நான் கேக்கவே இல்லை."

"டாக்டர் நெஞ்சுலதான் குழாய் வெச்சுப் பார்ப்பார். உன் ஆம்படையா ஆண்டவன்கிட்ட என்ன சொன்னான்னு அதுல கேக்காது. நான் சொல்றதைக் கேளு. அன்னிக்கு நீ பூரண சுகம்னா, பதினாலு நாள் கம்பெனியை ஏமாத்தினே. பூரண சுகம் இல்லைன்னா, அந்தக் காணிக்கை தப்பு. ரெண்டுல ஒண்ணை எழுதிக் குடு. ரெண்டாவதை எழுதினா நான் மேலே பேசிப் பார்க்கறேன்."

"என் வீட்டுக்காரி கோயில்ல பொய் சொன்னான்னு எழுதணுமா சார்?"

"பொய்னு எழுத வேண்டாம்ப்பா. அவசரப்பட்டுட்டான்னு எழுது. அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டா இன்னும் நல்லது. புதன்கிழமை விசாரணை."

யார் சார் இதைச் சொன்னது என்று எலியேசர் கேட்டார். எல்லாம் காகிதத்தில் இருக்கிறது, விசாரணையில் தெரியும் என்று சொல்லி ஆபீசர் பேனாவை நீட்டினார். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து.

எலியேசர் காகிதத்தை மேலிருந்து கீழே பார்த்தார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. எல்லாம் இங்கிலீஷ். கடைசி வரிக்கு வந்தபோது அவர் கண் அங்கேயே நின்றது. ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். எலியேசர் கையெழுத்துப் போட்டுவிட்டு, காகிதத்தை நாலாக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

*

சங்கத்துக் குப்புராஜ் வாசலுக்கு வெளியே டீக்கடையில் காத்திருந்தான். அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. தொழிற்சாலையில் எந்த விஷயமும் சங்கத்துக்கு முன்கூட்டிப் போய்ச் சேராது. ஆனால் நடந்து முடிந்த கையோடு போய்ச் சேரும்.

"இன்னா அண்ணாத்தே, இப்டி மாட்டிக்கினியே. படுத்துகினு இருந்த வரிக்கும் சட்டம் உன் பக்கம். ஈ.எஸ்.ஐ. சீட்டு கையில கீதுன்னா ஒருத்தன் உன்னைத் தொட முடியாது, டிஸ்மிஸ் பண்ண முடியாது. அதான் உன்னை எயுந்து வர வுட்டு அட்ச்சிருக்கானுங்க. நேத்தியோட சீட்டு முட்ஞ்சிச்சு, இன்னிக்கு மெமோ. நாளை எண்ணிக்கினே இருந்திருக்கானுங்க."

எலியேசர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

குப்புராஜ் குரலைத் தாழ்த்தினான். எழுதிக் கொடுத்துவிடச் சொன்னான். பொம்பளை அவசரப்பட்டாள் என்று ஒரு வரி. அதை வைத்துக்கொண்டு சங்கம் வாதாடும். எழுதாமல் விசாரணைக்குப் போனால் ஒரு வாரத்தில் வெளியே. வேலை மட்டும் போகாது. ஏமாற்றினவன் என்று பேர் வாங்கிக்கொண்டு போனால் பல்லாவரம் வரைக்கும் எந்தக் கம்பெனியிலும் நுழைய முடியாது. துரைராஜைத் திட்டினான். கோயிலில் கேட்டதைக் கொண்டுவந்து ஆபீசில் கக்குகிறவன், அவனெல்லாம் ஜெபம் பண்ணி என்ன ஆகப்போகிறது என்றான்.

"துரைராஜா சொன்னான்?" என்று எலியேசர் கேட்டார்.

"பின்ன? உங்க கோயிலுக்கு வர்ற ஆபீஸ் ஆளு வேற யாரு கீறான்?"

 எலியேசர் டீயைக் குடிக்காமலே கிளாசைத் திருப்பிக் கொடுத்தார்.

பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் ஜெபசீலன் டிபன் பாக்சோடு வந்தான். முகமெல்லாம் இரும்புத் தூசி. கம்பெனி மதில் ஓரமாக அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ரத்தினபாய் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் கட்டியிருந்தாள். இட்லியும் மிளகாய்ப் பொடியும். இரண்டு பேரும் திறக்கவில்லை.

"எழுதிக் குடுத்துடுங்க அண்ணா. அண்ணி தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

"உன் மனு என்ன ஆச்சு?"

"லேபர் ஆபீசர் வாங்கிக்கிட்டார். இருநூத்தி நாப்பது சரியா இருக்குன்னு டிக் அடிச்சார். ஆனா இடம் காலியானாத்தான் போட முடியும்ங்கறார்."

"எந்த செக்‌ஷன்ல?"

"கிரைண்டிங்லதான்."

"கிரைண்டிங்ல இடம் ஏது? நான் இருக்கேனே."

ஜெபசீலன் டிபன் பாக்சின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அது எப்போதோ திறந்துவிட்டது. காலையில மேட்டுல நீங்க மூச்சு வாங்கினது என்று எதையோ ஆரம்பித்தான். முடிக்கவில்லை. எலியேசர் தன் பாக்சிலிருந்த இரண்டு இட்லியையும் எடுத்து அவன் மூடியில் வைத்தார்.

"சாப்பிடு. சக்கரத்துக்கிட்ட வெறும் வயித்தோட நிக்காதே. தலை சுத்தும்."

*

வழியெல்லாம் நின்று நின்று வீட்டுக்கு வந்து சேர நாலு மணி ஆயிற்று. சைக்கிளில் ஏறவே இல்லை, தள்ளிக்கொண்டே வந்தார். ரத்தினபாய் வாசலில் நின்று பார்த்ததுமே பாதி புரிந்துகொண்டாள். மீதியைப் பாயில் சாய்ந்துகொண்டு அவர் விட்டுவிட்டுச் சொன்னார்.

அவள் அழவில்லை. துரைராஜின் வம்சத்தை மட்டும் மூன்று தலைமுறைக்கு மேலே போய் விசாரித்தாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பூரண சுகம்னு எழுதினது தப்பாம். வேற எப்படி எழுதறது? அம்மை இறங்கினாலும் பூரண சுகம், கால் முறிஞ்சு தாங்கித் தாங்கி நடந்தாலும் பூரண சுகம். நான் பொறந்ததுலேந்து அப்படித்தான் படிக்கறாங்க. ஆண்டவரே, எங்க வீட்டுக்காரருக்கு முக்கால் சுகம் குடுத்தீரே, அதுக்கு முக்கால் ரூபா காணிக்கைன்னு எந்தக் கோயில்ல வாங்குவாங்க?"

எலியேசர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நீ எழுத வேண்டாம் என்றார். நான் கேட்டது ஆண்டவர்கிட்ட, நீ சொன்னதும் அவர்கிட்டதான். அதை எடுத்துக் கம்பெனிக்கு அடமானம் வைக்க வேண்டாம் என்றார்.

"எழுதறேன்" என்றாள் ரத்தினபாய். "ஆண்டவர் மன்னிப்பார். அவருக்கு அதான் வேலை. கம்பெனி மன்னிக்காது."

அலமாரியிலிருந்து ஒரு முழுத்தாளும் பேனாவும் எடுத்தாள். தமிழ் நன்றாகவே எழுதுவாள். ஆனால் எதற்குப் பதில் எழுதுகிறோம் என்று தெரிய வேண்டும். ஆபீசர் சொன்னதை இவர் சொல்லி, இவர் சொன்னதை நான் எழுதி, நடுவில் ஒன்று விட்டுப்போனால்? அந்தக் காகிதத்தைக் கொடுங்கள், சௌந்தரி எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், வரி வரியாகப் படித்துச் சொல்லட்டும் என்றாள்.

"வேண்டாம்" என்றார் எலியேசர்.

"ஏன்?"

"அவ பிள்ளைத்தாச்சி. எதுக்கு இதெல்லாம் அவ காதுல?"

"அவ காதுல போகாம இந்த வீட்டுல என்ன இருக்கு? தட்டிக்கு அந்தப் பக்கம் இத்தனை நேரம் மூச்சு விடாம நிக்கறா பாருங்க." அவள் குரலைச் சற்று உயர்த்தினாள். "சௌந்தரி, இங்கே வா."

சௌந்தரி வந்தாள். கண் சிவந்திருந்தது. ரத்தினபாய் கணவரின் சட்டைப் பையில் தானே கையை விட்டுக் காகிதத்தை எடுத்தாள். அவர் அவள் கையைப் பிடித்தார். பிடித்த பிடியில் பலம் இல்லை. விட்டுவிட்டார்.

சௌந்தரி விரலை வைத்து மெல்லப் படித்தாள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். டோக்கன் நம்பர் நூற்றுப் பதினான்கு. ஐந்தாம் தேதி. ஞாயிற்றுக்கிழமை. மேற்படி எலியேசரின் மனைவி ரத்தினபாய் செலுத்திய காணிக்கை.

"இரு" என்றாள் ரத்தினபாய். "என் பேரு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு அக்கா. ரத்தினபாய்னு."

"நான் காணிக்கைச் சீட்டுல பேரு எழுதலையே."

சௌந்தரியின் விரல் நின்றது.

"ஒரு சகோதரி, தன் கணவரின் பூரண சுகத்துக்காக. அவ்வளவுதான் எழுதினேன். கோயில்லயும் அப்படித்தான் படிச்சாங்க. இவர் படுத்திருக்கறதா கம்பெனியில பேரு, அதனால பேரு வேண்டாம்னு நாலு பேரும் உட்கார்ந்துதானே பேசினோம். நீகூட என் பக்கத்துல உட்கார்ந்திருந்தே. ஒரு சகோதரின்னு படிச்சப்போ என் தொடையைக் கிள்ளினே. ஒரு சகோதரி யாருன்னு துரைராஜுக்கு எப்படித் தெரியும்?"

"சபையில யாராவது..." என்றாள் சௌந்தரி.

"மேல படி."

சௌந்தரி படித்தாள். குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. பதினான்கு நாள் ஏமாற்று. ஒழுங்கு நடவடிக்கை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. அங்கே நிறுத்திக் காகிதத்தை மடித்தாள்.

"அவ்வளவுதான் அக்கா. முடிஞ்சுது."

ரத்தினபாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் சௌந்தரியின் விரல் நின்ற இடத்துக்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்ததைப் பார்த்திருந்தாள். அவள் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, பாயின் மேல் வைத்து, உள்ளங்கையால் மடிப்பை நீவி விரித்தாள்.

எண்ணுக்கு இங்கிலீஷ், தமிழ் என்று கிடையாது. மேலே 114 இருந்தது. நடுவில் 5 இருந்தது. கடைசி வரியின் கடைசியில் இன்னொரு எண் இருந்தது. துவைகல்லில் வாரத்துக்கு இரண்டு தடவை விழுந்து, அவள் ஈரக் கையால் எடுத்துத் துடைத்துக் கொடுத்த எண்.

37.

அவள் நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியமே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் மதில் ஓரமாக உட்கார்ந்து தன் பங்கு இரண்டு இட்லியையும் தம்பிக்கு எடுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். காலியாகத் திரும்பிய டிபன் பாக்சைப் பார்த்து இவருக்குப் பசி வந்துவிட்டது என்று அவள் சற்று முன்தான் சந்தோஷப்பட்டிருந்தாள்.

"விடு ரத்தினம்" என்றார்.

எழுத எடுத்த தாள் வெறுமையாகவே கிடந்தது. அதில் இனி என்ன எழுதினாலும், எழுதினது பொய் என்று சொல்ல அந்த வீட்டுக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறான்.

வேலை முடிந்து ஜெபசீலனின் சைக்கிள் வெளியே வந்து நின்றது. ஸ்டாண்டை உதைக்கும் சத்தம் கேட்டது. சௌந்தரி எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உட்காரு" என்றாள் ரத்தினபாய். அவள் குரல் கோயிலில் பேசுகிற மாதிரி அடங்கியிருந்தது. "அந்த முப்பத்தேழுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்குன்னு படி சௌந்தரி. தம்பி உள்ளே வரட்டும். அவர் காது கேக்கப் படி."